கோலத்துக்கு இலக்கணம் எழுதியவர்கள்

மார்கழி பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். "நம் பாட்டிமார்களுக்கு அந்தக் காலத்திலேயே கம்ப்யூட்டர் சயன்ஸ் தெரியும். கோலத்தில் இருப்பது அல்காரிதம். வெளிநாட்டு விஞ்ஞானிகள் வாயைப் பிளந்தார்கள்." எந்த விஞ்ஞானி, எந்த ஆண்டு, எதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு வரி இருக்காது. "தமிழன் என்றால் பகிருங்கள்" என்ற வரி மட்டும் கண்டிப்பாக இருக்கும். இந்த வருஷம் ஏழு குழுக்களில் இருந்து எனக்கு வந்தது. அதில் நாலு என் பழைய மாணவர்கள் அனுப்பியது.

நண்பர்களே, அந்தச் செய்திக்குப் பின்னால் உண்மையான வரலாறு ஒன்று உண்டு. வெளிநாட்டில் தொடங்கியது அல்ல. சென்னையை அடுத்த தாம்பரத்தில் தொடங்கியது. அதற்கு ஆண்டு உண்டு, ஆட்கள் உண்டு, கட்டுரை உண்டு. செய்தியை விட வரலாறு நூறு மடங்கு சுவாரசியமானது. முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் அதைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு கட்டம் போட்ட தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

1974-இல் 'கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசஸிங்' என்ற சர்வதேச ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. தலைப்பு 'அரே கிராமர்ஸ் அண்ட் கோலம்'. 'கோலம்' என்ற நம்முடைய சொல் அப்படியே தலைப்பில் இருந்தது. எழுதியவர்கள் மூன்று பேர்: கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். முதல் இருவரும் கணவன் மனைவி. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள். கமலா கிருத்திவாசன் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தார்.

கிஃப்ட் சிரோமணி 1932-இல் பிறந்தவர். புள்ளியியல் பேராசிரியர். ஆனால் ஒரு துறைக்குள் அடங்குகிற ஆள் இல்லை. மாமல்லபுரத்துச் சிற்பங்களில் உள்ள ஆடை அணிகலன்களை எண்ணி, ஒப்பிட்டு, எது எந்தக் காலம் என்று பேசினார். பிராமி எழுத்தைக் கணினி படிக்க வைக்க முடியுமா என்று பார்த்தார். அச்சில் வந்த தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காண்பது பற்றி 1978-இலேயே கட்டுரை எழுதினார். இன்று கைபேசியில் தமிழ்ப் பக்கத்தைப் படம் பிடித்தால் எழுத்தாக மாறிவிடுகிறதே, அந்த வேலையின் தொடக்க காலத்து ஆட்களில் அவரும் ஒருவர்.

ராணி சிரோமணி 1929-இல் பிறந்தவர். இவருடைய துறை கோட்பாட்டுக் கணினியியல். கணினியை எப்படி இயக்குவது என்பது அதன் கேள்வி இல்லை. எதைக் கணிக்க முடியும், எதைக் கணிக்க முடியாது, ஒன்றைக் கணிக்க எவ்வளவு நினைவு வேண்டும், எத்தனை படி வேண்டும் என்பவைதான் அதன் கேள்விகள். இந்தியாவில் இந்தத் துறை வேர்பிடித்த நாட்களிலேயே அதில் இறங்கியவர் அவர்.

இவர்கள் கோலத்துக்கு ஏன் வந்தார்கள் என்று புரிய, 'இலக்கணம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

"மழை வரும் என்று அவன் சொன்னான்." இது ஒரு வாக்கியம். "மழை வரும் என்று அவன் சொன்னான் என்று இவள் சொன்னாள்." இதுவும் வாக்கியம். இன்னொரு 'என்று' போட்டு நீட்டலாம். அதற்கு மேலும் நீட்டலாம். மூச்சுதான் முடியுமே தவிர வாக்கியம் முடியாது. ஆனால் இந்த முடிவில்லாத வாக்கியங்களை உண்டாக்கும் விதி ஒன்றே ஒன்று: வாக்கியத்தின் பின்னால் 'என்று' போட்டு இன்னொரு வாக்கியம் சேர்க்கலாம். சின்ன விதி, முடிவில்லாத விளைவு. 1956-இல் அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி இப்படிப்பட்ட விதித் தொகுப்புகளைக் கணிதமாக்கி, அவற்றை எளியது முதல் கடினமானது வரை படிநிலைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு படியில் உள்ள இலக்கணத்துக்கும் எவ்வளவு திறனுள்ள இயந்திரம் தேவை என்பதும் பிறகு தெளிவானது. மொழிக்காகப் பிறந்த இந்த எண்ணம் கணினி மொழிகளின் அடித்தளமாகிவிட்டது. இன்று நம் பிள்ளைகள் எழுதும் புரோகிராமில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் கம்ப்யூட்டர் திட்டுகிறதே, திட்டுவதற்கு அதற்குக் காரணம் கொடுப்பது இந்த இலக்கணம்தான்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், வாக்கியம் ஒரே வரிசையில் போகும்; படம் அப்படிப் போகாது. அதற்கு இடமும் வலமும் உண்டு, மேலும் கீழும் உண்டு. படத்துக்கு இலக்கணம் எழுத முடியுமா என்று 1960-களில் சிலர் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் கேட்டார். பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் 'டிஃப்ராக்' என்ற கணினியை உருவாக்கிய குழுவை நடத்திய ஆர். நரசிம்மனும் கேட்டார். தாம்பரத்து ஆட்கள் 1972, 1973-இல் தங்கள் விடையைச் சொன்னார்கள். முதலில் குறுக்காக ஒரு வரிசை எழுத்துகளை உண்டாக்கு; பிறகு அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் தனக்குக் கீழே ஒரு பத்தியாக, எல்லாம் ஒரே நேரத்தில், வளர்ந்து இறங்கட்டும். தறியில் பாவு இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இன்றும் அந்தத் துறையில் இதற்கு 'சிரோமணி மேட்ரிக்ஸ் கிராமர்' என்றுதான் பெயர்.

விதி கிடைத்துவிட்டது. அதை எந்தப் படத்தின் மேல் சோதிப்பது? சின்ன விதியில் இருந்து பெரிய படம் வளர வேண்டும். அளவு கூடினாலும் சாயல் மாறக் கூடாது. அப்படிப்பட்ட படங்கள் தினமும் காலையில் தமிழ்நாட்டின் வாசல்தோறும் புதிது புதிதாக வந்துகொண்டிருந்தன.

நாஞ்சில் நாட்டுக்காரர்களான நமக்குத் தரையில் போடும் படம் இரண்டு வகை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தவர்கள் நாம். அதனால் ஓணத்துக்கு அத்தப்பூ உண்டு. மார்கழிக்குக் கோலம் உண்டு. அத்தப்பூ நடுவில் தொடங்கி வட்டம் வட்டமாகப் பூவால் நிரப்பிக்கொண்டே போவது. கம்பிக் கோலம் (சிலர் சிக்குக் கோலம் என்பார்கள்) வேறு மாதிரி. முதலில் புள்ளி. பிறகு புள்ளியைத் தொடாமல், ஒரு புள்ளியையும் விட்டுவிடாமல், சுற்றிச் சுற்றி வரும் கோடு. அது புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். முதலாவது நிரப்பும் கலை. இரண்டாவதில் பாதையை நினைவில் வைத்திருக்க வேண்டும். கணினிக்காரர்கள் இரண்டாவதன் பக்கம் போனது அதனால்தான்.

பத்திரிகைகளில் வரும் கோலத்துக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்குமே, நினைவிருக்கிறதா? "13 புள்ளி, 7 வரை, இடைப்புள்ளி." அவ்வளவுதான். இதைப் படித்த பெண் என்ன செய்வாள்? நடுவில் 13 புள்ளி வைப்பாள். அதற்கு மேலும் கீழும், இரண்டு புள்ளிக்கு நடுவே ஒன்று வரும்படி 12, பிறகு 11, இப்படி 7 வரை இறங்குவாள். மொத்தம் எத்தனை புள்ளி? 7 முதல் 12 வரை கூட்டினால் 57. இரண்டு பக்கமும் சேர்த்து 114. நடு வரிசை 13. ஆக 127. நூற்றிருபத்தேழு புள்ளிகளின் இடமும் நாலே சொல்லில் அடங்கிவிட்டது. ஒரு பொருளைத் திரும்ப உண்டாக்கப் போதுமான மிகச் சிறிய குறிப்பு எவ்வளவு நீளமோ, அதுதான் அந்தப் பொருளின் சிக்கலுக்கு அளவு என்று 1965-இல் ரஷ்யக் கணித மேதை கோல்மோகரோவ் ஒரு கோட்பாட்டை எழுதினார். அந்தப் பாடத்தை நான் விளக்க வேண்டி வந்தால் "13 புள்ளி, 7 வரை, இடைப்புள்ளி" என்றுதான் கரும்பலகையில் தொடங்குவேன்.

இப்போது தாளையும் பென்சிலையும் எடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் 'கிருஷ்ணனின் கால் கொலுசு' என்ற பொருளில் குறிப்பிடப்படும் ஒரு கோலம் இருக்கிறது. அதன் விதியை நம் எழுத்தில் எழுதிப் பார்ப்போம். மூன்றே எழுத்து. 'ந' என்றால் ஒரு கட்டம் நட. 'தி' என்றால் நின்ற இடத்தில் வலப்பக்கம் செங்கோணமாகத் திரும்பு. 'வி' என்றால் ஒன்றும் செய்யாதே. அது பிறகு விரியப்போகும் விதை. தொடக்கம் இது:

வி தி வி

விதி ஒன்றுதான். 'வி' எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே நேரத்தில் இதைப் போடு:

வி ந வி தி வி ந வி

ஒரு முறை போட்டால் தொடக்கத்தில் உள்ள இரண்டு விதையும் விரியும். விதைகளைக் கண்டுகொள்ளாமல் நடையையும் திருப்பத்தையும் மட்டும் படித்தால் கிடைப்பது: ந தி ந தி ந தி ந. நாலு எட்டு, ஒரு சதுரம். உள்ளே ஒரு புள்ளி வைக்கலாம்.

இன்னொரு முறை விரியுங்கள். இப்போது பாதியில் கிடைப்பது: ந தி ந ந ந தி ந தி ந தி ந ந ந தி ந. பிறகு ஒரு தி. பிறகு இதே வரிசை இன்னொரு முறை. மொத்தம் 20 எட்டு. கட்டத் தாளில் நடந்து பாருங்கள். கோடு தன்னைத் தானே நாலு இடத்தில் வெட்டி, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். நடுவில் ஒரு கட்டம், அதன் நாலு மூலையிலும் ஒவ்வொரு கட்டம். ஐந்து கட்டத்திலும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, கூர்முனைகளை வளைவாக்கிவிடுங்கள். ஒன்று, மூன்று, ஒன்று என்று ஐந்து புள்ளி வைத்து, சின்னப் பெண்பிள்ளைகளுக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுக்கும் அதே கம்பிக் கோலம்!

மூன்றாம் முறை விரித்தால் 84 எட்டு, 21 புள்ளி. நாலாவது 340 எட்டு, 85 புள்ளி. ஒவ்வொரு நிலையிலும் முந்தைய கோலம் நாலு, நடுவில் புதிதாக ஒரு புள்ளி. ஒன்றை நாலால் பெருக்கி ஒன்று கூட்டினால் 5. ஐந்தை நாலால் பெருக்கி ஒன்று கூட்டினால் 21. எவ்வளவு பெரிதானாலும் கம்பி ஒன்றுதான்.

எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் விரியும் இந்த வகை விதிக்கு 'எல் சிஸ்டம்' என்று பெயர். 1968-இல் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் பாசியும் செடியும் வளர்வதை விளக்க இதை உருவாக்கினார். செடியில் எல்லா செல்லும் தத்தம் இடத்தில் ஒரே நேரத்தில் பிரிகின்றன அல்லவா? செடிக்காக எழுதிய இலக்கணம் நம் வாசல் கோலத்துக்கும் பொருந்தியது. ராணி சிரோமணியும் கே.ஜி. சுப்பிரமணியனும் 1983-இல் இதே வழியில், இடத்தை நிரப்பும் வளைகோடுகளைப் பற்றி எழுதினார்கள். கணினியில் செடிகொடி வரைவதில் உலகப் பெயர் பெற்ற புரூசின்கீவிச், கமலா கிருத்திவாசனோடும் எம்.ஜி. விஜயநாராயணாவோடும் சேர்ந்து, தென்னிந்தியக் கோலங்களையும் கர்நாடக இசையையும் எல் சிஸ்டம் கொண்டு உண்டாக்குவது பற்றி 1989-இல் கட்டுரை எழுதினார். ஆக, 'வெளிநாட்டுக்காரன் வாயைப் பிளந்தான்' என்பதன் உண்மை வடிவம் இது: தாம்பரத்தில் தொடங்கிய ஆராய்ச்சியில் வெளிநாட்டவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

இதை எல்லாம் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஓய்வுக்குப் பிறகு நேரம் இருக்கிறது. பேரனின் பழைய மடிக்கணினி இருக்கிறது. பைதான் மொழியை இணையத்தில் பார்த்துப் படித்தேன். அதில் 'டர்ட்டில்' என்று ஓர் ஆமை உண்டு. நட என்றால் நடக்கும், திரும்பு என்றால் திரும்பும், போகிற வழியெல்லாம் கோடு விழும். 1967-இல் குழந்தைகளுக்காக உருவான லோகோ மொழியின் வாரிசு அது. மேலே சொன்ன விதியைப் பத்துப் பன்னிரண்டு வரியில் எழுதி ஓட விட்டால், ஐந்தாம் நிலைக் கொலுசு, 341 புள்ளி, 1,364 எட்டு, ஆமை முதுகில் வந்து இறங்கியது.

பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. நீள்சதுரமாகப் புள்ளி வைத்து, எந்த வித்தையும் செய்யாமல் சாய்வாகவே கம்பியை ஓட்டி, ஓரம் வந்தால் வளைத்துத் திருப்பினால், மொத்தம் எத்தனை கம்பி வரும்? புரோகிராமை எண்ணச் சொன்னேன். 2-க்கு 3 புள்ளி வைத்தால் ஒரு கம்பி. 3-க்கு 4 என்றாலும் ஒன்றுதான். 2-க்கு 2 வைத்தால் இரண்டு. 4-க்கு 6 வைத்தால் இரண்டு. 3-க்கு 3 வைத்தால் மூன்று. 6-க்கு 9 வைத்தால் மூன்று. கணக்கு வாத்தியாருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். அது மீப்பெரு பொது வகுத்தி! பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வழிமுறை என்று எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன். இரண்டாயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முந்திய அந்தக் கணக்கு கோலப்பொடியில் கிடந்திருக்கிறது. கணித உலகில் இது ஏற்கெனவே நிறுவப்பட்ட முடிவுதான். ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டு மக்கள் மணலில் வரையும் 'சோனா' படங்களிலும் இதே கணக்கு இருக்கிறது. ஆனாலும் தானாகக் கண்டு எட்டும்போது உண்டாகும் சந்தோஷம் தனி.

அன்று சாயங்காலம் மயினி வீட்டுக்கு வந்திருந்தார். எண்பதை நெருங்குகிறார், ஒரு காலத்தில் மார்கழி முழுக்கத் தெருவே அவர் வாசலைப் பார்க்க வரும். திரையைக் காட்டி, "மயினி, மூணுக்கு மூணு புள்ளி வெச்சா ஒரே கம்பியில வருமா?" என்று கேட்டேன்.

"சும்மா ஓட்டினா வராது கேட்டியா? மூணு கம்பி வரும். ரெண்டு எடத்துல வெட்டாமத் திருப்பிவிடணும். அப்பம் வரும்."

"எந்த ரெண்டு எடம்?"

"ஒரு கம்பியும் இன்னொரு கம்பியும் சேருத எடம் பாத்துத் திருப்பணும். ஒரே கம்பி தன்னையே வெட்டுத எடத்துல திருப்பினா பிரிஞ்சு போனாலும் போவும்."

நண்பர்களே, இதை நிறுவ ஒரு பக்கம் போதும். இரண்டு வேறு கம்பிகள் வெட்டும் இடத்தில், வெட்டை எடுத்துவிட்டுத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு திருப்பத்தால் ஒரு கம்பிதான் குறையும். எனவே மூன்றை ஒன்றாக்கக் குறைந்தது இரண்டு திருப்பம் வேண்டும். 7-க்கு 7 என்றால் குறைந்தது ஆறு. மயினி சொன்ன 'ரெண்டு' என்பது தோராயம் அல்ல, மிகச் சரியான கீழ் எல்லை. 

இதையே எந்த யோசனையும் இல்லாமல் கணினியிடம் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 3-க்கு 3 புள்ளியில், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 12 இடம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் வெட்டலாம் அல்லது திருப்பலாம். 2-ஐ 12 முறை பெருக்கினால் 4,096 வழி. கண் மூடித் திறப்பதற்குள் சோதித்துவிடும். 5-க்கு 5 என்றால் 40 இடம்; சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி வழி. நொடிக்குப் பத்து லட்சம் சோதித்தாலும் கிட்டத்தட்ட 13 நாள் ஆகும். 7-க்கு 7, நம் வாசலில் சர்வ சாதாரணமாகப் போடும் அளவு. 84 இடம். அதே வேகத்தில் எல்லா வழியையும் சோதிக்க 61 ஆயிரம் கோடி ஆண்டு வேண்டும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான். 

கோட்பாட்டுக் கணினியியலின் மையக் கேள்வி இங்கேதான் இருக்கிறது. வழிகள் இப்படிப் பெருகும்போது, எல்லாவற்றையும் சோதிக்காமல் நேராக விடைக்குப் போகும் விதி உண்டா? சில கணக்குகளுக்கு உண்டு. சில கணக்குகளுக்கு இல்லை என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் இன்னும் நிறுவ முடியவில்லை. கோலத்துக்கு உண்டு. மயினி அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அப்படியானால் வாட்ஸ்அப் செய்தி சரிதானே என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

1936-இல் ஆலன் டூரிங் கணினியின் கோட்பாட்டை எழுதியபோது 'கம்ப்யூட்டர்' என்ற ஆங்கிலச் சொல் குறித்தது இயந்திரத்தை அல்ல. உட்கார்ந்து கணக்குப் போடும் மனிதரை. டூரிங் அந்த மனிதரைத்தான் உற்றுப் பார்த்தார். குழந்தைகளின் கணக்கு நோட்டு மாதிரிக் கட்டம் போட்ட தாள். ஒரு கட்டத்தைப் பார்க்கிறார், மனத்தில் ஒரு நிலை இருக்கிறது, ஒரு குறியை எழுதுகிறார், பக்கத்துக் கட்டத்துக்கு நகர்கிறார். அவ்வளவுதான் கணித்தல் என்று எழுதினார். அதற்கு முன்னும் மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கணக்குப் போடுவது ஒரு வேலை. 'கணக்குப் போடுவது என்றால் என்ன' என்று கேட்டு விடை சொல்வது இன்னொரு வேலை. 

சிரோமணி தம்பதியர் செய்தது இந்த இரண்டாவது வேலை. கோலம் போடும் பெண்ணின் கை எதை நினைவில் வைத்திருக்கிறது, அடுத்த எட்டை எதை வைத்து முடிவு செய்கிறது, அந்த நினைவுக்கு எவ்வளவு திறனுள்ள இலக்கணம் போதும் என்று கேட்டார்கள். கிடைத்த விடை கோலத்தோடு நிற்கவில்லை. படங்களின் இலக்கணம் பற்றிய பொதுக் கோட்பாடாக விரிந்தது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் அஸ்ரியல் ரோசன்ஃபெல்ட் போன்ற இத்துறை முன்னோடிகள் அதோடு சேர்ந்து வேலை செய்தார்கள். 'பாட்டிக்கு எல்லாம் தெரியும்' என்று கும்பிட்டுவிட்டுப் போயிருந்தால் இதில் ஒரு வரிகூடப் பிறந்திருக்காது. பாட்டிக்கு என்ன தெரியும் என்று கேட்டதால் பிறந்தது.

கிஃப்ட் சிரோமணி 1988-இல் காலமானார். ஐம்பத்தைந்து வயதுதான். அடுத்த ஆண்டு அவர் நினைவாகக் கோட்பாட்டுக் கணினியியல் கட்டுரைத் தொகுப்பு ஒன்று சிங்கப்பூரில் இருந்து வெளிவந்தது. பதிப்பாசிரியர் அதே டிஃப்ராக் நரசிம்மன். மேலே சொன்ன புரூசின்கீவிச் கட்டுரை அந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. கிஃப்ட், ராணி, ராபின்சன் மூவரும் கம்பிக் கோலத்துக்கென்றே எழுதிய இலக்கணமும் அதில் இருக்கிறது. 2002-இல் மார்சியா ஆஷர் என்ற கணிதப் பேராசிரியர் 'அமெரிக்கன் சயன்டிஸ்ட்' இதழில் கோல மரபைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த ஆராய்ச்சியை உலகத்துப் பொது வாசகர்களிடம் கொண்டுபோனது.

ராணி சிரோமணி அதற்குப் பிறகும் முப்பது ஆண்டு வாழ்ந்தார். சங்கேத எழுத்து, டி.என்.ஏ. இழைகளை வெட்டி ஒட்டும் முறையில் அமைந்த கணிப்பு என்று புதிய புதிய பக்கங்களுக்குப் போனார். வட்ட வடிவ டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் இலக்கணம் பற்றி அவரும் சுப்பிரமணியனும் தாரேயும் எழுதியது 1992-இல். டி.என்.ஏ.வைக் கொண்டு ஆய்வகத்தில் ஒரு கணக்கைத் தீர்த்து அட்லமேன் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. 2019-இல், தொண்ணூறு வயதில், ராணி சிரோமணி காலமானார். நம் பாடப்புத்தகத்தில் பிதாகரஸ் இருக்கிறார், யூக்ளிட் இருக்கிறார். தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் இருந்தபடியே உலகத்துக்கு ஓர் இலக்கணம் கொடுத்த இந்த அம்மாவின் பெயரை, நான் கேட்டுப் பார்த்த இருபது பொறியியல் மாணவர்களில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒரு கணினிப் பட்டதாரி இருக்கிறார். அதே தெருவில் இன்று வாசலில் ஒட்டியிருப்பது ஸ்டிக்கர் கோலம். அதைப் பார்த்து நான் புலம்பப் போவதில்லை. விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் பெண்ணுக்கு அதுதான் சௌகரியம், அவள் குனிந்து முற்றம் தெளித்தே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. என் கவலை வேறு. ஸ்டிக்கரில் படம் மிஞ்சும், விதி மிஞ்சாது. "சேருத எடம் பாத்துத் திருப்பணும்" என்ற வாக்கியம் எந்த ஸ்டிக்கரிலும் அச்சாகி வராது. அது மயினி மாதிரி ஆட்களின் கையிலும் வாயிலும் மட்டும் இருக்கிறது. 

அதனால் இந்தப் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். பாட்டி, அத்தை, மயினி, யாராக இருந்தாலும் சரி, கம்பிக் கோலம் போடத் தெரிந்த ஒருவரிடம் உட்காருங்கள். போட்டோ எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் "ஏன் இங்கே திருப்பினீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய விதியை வைத்து, அவர் உதவி இல்லாமல், அதைவிட ஓர் அளவு பெரிய கோலம் உங்களுக்குப் போட வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் விதியில் எங்கோ குறை இருக்கிறது. மறுபடி போய்க் கேளுங்கள். வந்துவிட்டால் அதைப் புரோகிராமாக எழுதுங்கள். எந்த மொழியானாலும் சரி.

எழுதி முடித்ததும் புரோகிராமின் முதல் வரியில், உங்கள் பெயருக்கு மேலே, விதியைச் சொன்னவரின் பெயரையும் ஊரையும் போடுங்கள்.